தெருக் குழுவா, பதிவு பெற்ற சங்கமா, ஊர்க் கமிட்டியா?

“எங்க லேஅவுட்ல 28 வீடு வந்தாச்சு. சங்கத்தைப் பதிவு பண்ணிரலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க, எதுக்கு வீண் வம்புன்னு மீதிப் பேரு. நாங்க என்ன செய்ய?” குமரி மாவட்டத்தில் பார்வதிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதே வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகியும் எழுதியிருந்தார். அவர் இருப்பது அடுக்ககத்தில். கட்டிக் கொடுத்தவர் மாதாமாதம் பராமரிப்புப் பணம் வாங்குகிறார், கணக்கு மட்டும் வருவதில்லை. இன்னொருவருக்கு வேறு கவலை: ஊரில் ஏற்கெனவே கோயில் கமிட்டி இருக்கிறது, தெரு விஷயத்தையும் அவர்களிடமே விட்டுவிடலாமா?

மூன்றும் ஒரே கேள்விதான். நாலு வீடு சேர்ந்து வாழ்கிற இடத்தில் பொது வேலையை எந்த அமைப்பு பார்ப்பது? 11 வருஷமாக எங்கள் தெருவில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்பது. குறைகள் மட்டும் பொதுவா? அதாவது தெருவிளக்கு எரியவில்லை, ஓடை அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை என்கிற மாதிரி. இல்லை, போர்வெல், மோட்டார், கேமரா, மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட் என்று பொருளாகவே ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது, வருஷத்துக்கு எவ்வளவு பணம் கைமாறுகிறது. மூன்றாவது, பணம் தராதவரை என்ன செய்ய முடியும். நான்காவது, இப்போது ஓடியாடி வேலை பார்க்கிறவர் நாளைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனால் இந்த ஏற்பாடு நிற்குமா. ஐந்தாவது, வாடகைக்கு இருப்பவர், வேறு மதத்தவர், வேறு சாதிக்காரர், வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் எல்லோருக்கும் இதில் இடம் உண்டா. கடைசியாக, எழுத்து வேலை. எத்தனை கூட்டம், எத்தனை நோட்டு, எத்தனை தடவை பதிவாளர் அலுவலகம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்று உண்டு. முக்கால்வாசி இடங்களில் இதை யாரும் பார்ப்பதே இல்லை. உங்கள் லேஅவுட்டின் சாலையும் பூங்கா இடமும் இப்போது யார் பெயரில் இருக்கின்றன? அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் அது மாநகராட்சியின், பேரூராட்சியின், அல்லது ஊராட்சியின் சாலை. சங்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் கேட் போட்டுப் பூட்ட முடியாது, பூங்காவில் ‘வெளியாட்கள் வரக்கூடாது’ என்று பலகை வைக்கவும் முடியாது. கொடுக்கவில்லை என்றால் ‘எங்களுக்குத் தார் போட்டுத் தாருங்கள்’ என்று கேட்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வியே அதுதான். அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தபோது பலர் தங்கள் மனையை மட்டும் சரி செய்துகொண்டார்கள். சாலையின் நிலை என்ன என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சானல்கரை (பாசனக் கால்வாயின் கரை) ஓரம் வீடு கட்டியவர்கள் இன்னும் ஒருபடி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கரை நீர்வளத் துறையினுடையது (முன்பு பொதுப்பணித் துறை), அங்கே சங்கத்துக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது.

பதிவில்லாத தெருக் குழு

எங்கள் குழு முதலில் வாட்ஸ்அப்பில் ‘காலை வணக்கம்’ போடுகிற குழுவாகத்தான் இருந்தது. உண்மையில் பிறந்தது ஒக்கி புயலில். 2017 நவம்பர் 30 காலையில் கதவைத் திறந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை. மரங்கள் குறுக்கே கிடந்தன, மின்கம்பம் வளைந்து கம்பி தரையில். கரண்ட் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. டீசலுக்கு வீட்டுக்கு வீடு பணம் பிரித்தோம். தொட்டிக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் ஏற்றினோம். யார் எவ்வளவு தந்தார், எந்த வீட்டுத் தொட்டி நிரம்பியது என்றெல்லாம் எதிர்வீட்டு அக்கா பிள்ளையின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். எந்தப் பதிவும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பதிவில்லாத குழுவின் பலம் இதுதான். வேகம் உண்டு, செலவு கிடையாது. மனு கொடுக்கவும் சங்கம் பதிவாகியிருக்க வேண்டியதில்லை. 15 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையில் நேராகவே பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. நகரப் பகுதிகளில் அதே வேலைக்குப் பகுதி சபை உண்டு. இவற்றில் போய் உட்காருகிற நாலு பேர் எந்தச் சங்கத்தை விடவும் அதிகம் சாதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே இடறும்? பொருள் வந்ததும் இடறும். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் கோடையில் குழாய்த் தண்ணீர் போதாது. அதற்காகப் பொதுவில் ஒரு போர்வெல் போட்டோம். குழுவுக்கென்று சட்டப்படி ஒரு பெயர் இல்லாததால் மின் இணைப்பை ஒரு பெரியவர் பெயரில் வாங்கினோம். அவர் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டித்தான் குழி. மோட்டார் பெட்டிச் சாவி அவர் வீட்டு நடையில் ஒரு ஆணியில் தொங்கும். காலையில் யாராவது போய் எடுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். ‘அண்ணாச்சி, மோட்டார் போட்டாச்சு’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

பெரியவர் இறந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டை விற்றார். வாங்கியவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் பத்திரம் இருந்தது. “அண்ணாச்சி, நான் வாங்குன சென்டுக்குள்ளதான் இந்தக் குழி கெடக்கு. கரண்டு பில்லும் இந்த வீட்டுப் பேர்லதான வருது. நான் யாரையும் ஏமாத்தல” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. 31 வீட்டுப் பணத்தில் போட்ட போர்வெல்லுக்கு எங்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை, அக்காவின் நோட்டைத் தவிர. ஆணி அங்கேயே இருந்தது, சாவி இல்லை. ஐந்து மாதம் பேசிப் பேசித்தான் முடித்தோம். அந்த ஐந்து மாதம் லாரித் தண்ணீருக்குச் செலவழித்த பணத்தில் இரண்டு சங்கம் பதிவு செய்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, உறுப்பினர் 20 பேர் ஆகிவிட்டாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயை எட்டிவிட்டாலோ பதிவு கட்டாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 வீடு, மாதம் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 33,600. ‘நாங்கள் சும்மா ஒரு குழுதான்’ என்று நினைக்கிற பல தெருக்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டன.

இது யாருக்குப் பொருந்தும்? பத்துப் பதினைந்து வீடு, பொதுப் பொருள் எதுவும் இல்லை, பணம் பிரிப்பது ஓணம், பொங்கல், கிறிஸ்துமஸ் மாதிரி ஒரு கொண்டாட்டத்துக்கு மட்டும் என்றால் இது போதும். பதிவு செய்து சிரமப்பட வேண்டாம்.

பதிவு பெற்ற குடியிருப்போர் நலச் சங்கம்

ஏழு பேர் இருந்தால் தொடங்கலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், அவர்கள் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. நம் மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு இடத்திலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் இருப்பதால் விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்கள் நாகர்கோவில் வரை வர வேண்டியதில்லை.

பதிவானதும் சங்கத்துக்குத் தனி ஆள் மாதிரி ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரில் பான் கார்டு வாங்கலாம், வங்கிக் கணக்குத் திறக்கலாம், இடம் வாங்கலாம், மின் இணைப்புக் கேட்கலாம், வழக்கும் போடலாம். தலைவர் மாறினாலும், வீடு விற்றாலும், ஒருவர் இறந்தாலும் சங்கம் இருக்கும். எங்கள் மோட்டார்க் கதை மாதிரி ஒன்று நடக்காமல் இருக்க இதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டி ஓடையோ பூங்காவோ சீர்செய்யக் கேட்கும்போதும், பணத்தைத் திரட்டிக் கணக்கோடு கட்ட ஒரு முறையான அமைப்பு இருந்தால் வேலை சுலபம்.

இதன் மறைமுகச் செலவு பணமாக வராது, ஆள் வேலையாக வரும். வருஷாவருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும். வரவு செலவைத் தணிக்கை செய்து, உறுப்பினர் பட்டியலோடு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, திருத்த சிறப்புத் தீர்மானம். பதிவு செய்த உற்சாகத்தில் முதல் வருஷம் எல்லாம் நடக்கும். மூன்றாம் வருஷம் செயலாளரின் பெண்ணுக்குக் கல்யாணம் வரும், தாக்கல் விட்டுப்போகும். அதற்கப்புறம் ஐந்து வருஷம் யாரும் அந்தக் கோப்பைத் தொட மாட்டார்கள். அப்படிக் கிடக்கிற சங்கத்தில் சண்டை வந்தால், ‘நாங்கள்தான் நிர்வாகிகள்’ என்று இரண்டு அணி இரண்டு படிவம் கொண்டு போய்க் கொடுக்கும். அதைத் தீர்ப்பது, பதிவில்லாத குழுவில் வரும் சண்டையைத் தீர்ப்பதைவிடப் பெரும்பாடு. ஆகவே, ஓய்வு பெற்ற ஆசிரியரோ, வங்கி ஊழியரோ, கணக்கில் பழகிய ஒருவர் தெருவில் இல்லையென்றால் வருஷம் ஒரு தடவை ஆடிட்டருக்குக் கொடுக்கிற பணத்தையும் சந்தாவில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வசூல் விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: பதிவு செய்துவிட்டால் எல்லோரும் பணம் தந்தே ஆக வேண்டும் என்று. தனி வீடுகள் இருக்கிற தெருவில் உறுப்பினராவது அவரவர் விருப்பம். உறுப்பினர் பாக்கி வைத்தால் பைலாப்படி நடவடிக்கை எடுக்கலாம், நீதிமன்றமும் போகலாம். உறுப்பினரே ஆகாதவரை ஒன்றும் செய்ய முடியாது. அவர் வீட்டு வாசலிலும் தெருவிளக்கு எரியத்தான் செய்யும். பொது போர்வெல்லில் அவருக்கு இணைப்புத் தருவதா என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். ஏற்கெனவே கொடுத்த தண்ணீரைத் தண்டனையாக நிறுத்துவது வம்பை விலைக்கு வாங்குவது.

பொறுப்புகளும் கூடவே வரும். தெருநாய்களுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்குவதை 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்போர் சங்கத்தின் மேலும் உள்ளாட்சியின் மேலும் வைக்கின்றன. நாய் வளர்க்கக்கூடாது, இன்ன சமையல் சமைக்கிறவருக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் சில இடங்களில் தீர்மானம் போடுவதாகக் கேள்விப்படுகிறேன். அப்படிப் போடாதீர்கள். சட்டத்தில் நிற்காது, தெருவில் மனக்கசப்பு மட்டும் நிற்கும். ஜி.எஸ்.டி. பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதச் சந்தாவும் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். நம் ஊர்த் தெருச் சங்கங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் போனால், வீட்டு கேட் தூண்களில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் பெயர்ச் சுருக்கமும் வீட்டு எண்ணும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தபால்காரருக்கும் ஆம்புலன்ஸுக்கும் அந்த எண் எவ்வளவு உதவி! இந்த ஒன்றை எந்தச் சங்கமும் முதல் மாதத்திலேயே செய்துவிடலாம்.

ஊர்க் கமிட்டி, பங்கு, ஜமாத்

குமரி மாவட்டத்தில் பொது நிர்வாகம் புதிதல்ல. ஊர்வகைக் கோயில்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கிக் கணக்குப் படிக்கிற பழக்கம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க ஆலயத்தின் பங்குப்பேரவையும், அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த அன்பியமும் வீட்டுக்கு வீடு தெரிந்த அமைப்புகள். ஜமாத்தும் அப்படியே. ஒரே சமூகம் தலைமுறைகளாக வாழ்கிற பழைய ஊரில் இவை குடிநீரிலிருந்து தெருச் சண்டை வரை பார்த்துக்கொள்கின்றன, பல இடங்களில் நன்றாகவே. வரி தராமல் யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்குக் கல்யாணமும் சாவும் அங்கேதான்.

ஆனால் புது லேஅவுட்டுக்கு இது பொருந்தாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் மூன்று மதத்தவர் இருக்கிற தெருவில், ஓடையைச் சரி செய்ய ஒருவர் இன்னொருவரின் கோயில் கமிட்டியிடம் போய் நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. திருவிழாப் பணமும் தெருப் பணமும் ஒரே பெட்டியில் இருந்தால், ஒன்றில் வருகிற மனத்தாங்கல் மற்றதையும் கெடுக்கும்.

அடுக்ககம் என்றால்

மார்த்தாண்டம் வாசகிக்கு நான் சொல்வது: உங்களுக்குத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. தெருவில் சங்கம் விருப்பம். அடுக்ககத்தில் மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, ஏன் நிலமே பொது. உங்கள் பத்திரத்தில் ‘பிரிபடாத பங்கு’ என்று எழுதியிருப்பது அதைத்தான். 2022-இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம், 1994-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வீட்டு உரிமையாளர் சங்கமும் அதில் ஒவ்வொரு உரிமையாளரும் உறுப்பினராக இருப்பதும் இதில் கட்டாயம். கட்டடம் பழையதாகி இடித்துக் கட்ட வேண்டி வந்தால் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்பதும் இதில்தான். சங்கம் இல்லாத கட்டடத்தில் அந்தச் சம்மதத்தை யார் திரட்டுவது?

கட்டியவரே பராமரிப்பது முதல் ஆறு மாதம், ஒரு வருஷம் வசதிதான். லிஃப்ட்காரரின் எண் அவரிடம் இருக்கும், மோட்டார் எங்கே மாட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பாதி வீடு விற்காமல் இருக்கும்போது அது நியாயமும்கூட. ஆனால் விற்காத வீடுகளுக்கு அவர் தன் பங்கைக் கட்டுகிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கணக்கு இடிக்கும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிற திட்டமென்றால், பெரும்பான்மை வீடுகளுக்கு முன்பதிவு ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்ய வேண்டியது கட்டியவரின் கடமை. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும் கடமைப்பட்டவர். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் மொட்டை மாடிக் கசிவு அந்த ஐந்து வருஷத்துக்குள் எப்படியும் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகப் போனில் சண்டை போடுவதைவிடச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம், புகைப்படங்களோடு, பதிவுத் தபாலில் அனுப்புவது மேல்.

பொறுப்பை மாற்றி வாங்கும்போது சாவிக்கொத்தோடு நிற்காதீர்கள். அனுமதி பெற்ற வரைபடம், நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், ஜெனரேட்டர் வாரண்டி, குழாய் எங்கெங்கே ஓடுகிறது என்ற படம், முன்பணமாக வாங்கிய பராமரிப்புத் தொகையின் கணக்கு எல்லாம் கையெழுத்தோடு வேண்டும். வீடுகள் எட்டுப் பத்துதான் என்றாலும் இதை விடாதீர்கள். சிறிய கட்டடத்தில் ஒரு லிஃப்ட் மோட்டார் போனால் ஒரு வீட்டின் பங்கு பெரிய கட்டடத்தைவிடப் பல மடங்கு வரும்.

பைலா எழுதும்போது நம் மாவட்டத்துக்கென்று சில

பதிவு என்று முடிவெடுத்தால், மாதிரிப் பைலாவை அப்படியே பெயர் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். சென்னைக்கு எழுதிய பைலாவில் நம் வீடுகள் அடங்காது.

இங்கே எத்தனை வீட்டுக்காரர்கள் வளைகுடாவில்! உரிமையாளர்தான் உறுப்பினர் என்று எழுதினால் பொதுக்குழுவுக்குப் போதிய ஆள் சேராது. அதே வீட்டில் மனைவி இருக்கிறார், தண்ணீர் வராததும் குப்பை எடுக்காததும் அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு ஓர் உறுப்பினர், அந்த வீட்டில் குடியிருக்கிற வயது வந்த யாரும் ஆகலாம் என்று எழுதுங்கள். மோட்டார் பிரச்சினைக்கு அப்புறம் சங்கமாகிவிட்ட எங்கள் குழுவில் இப்படி மாற்றிய பிறகுதான் கூட்டத்துக்கு ஆள் வரத் தொடங்கியது. இன்றைக்குப் பொருளாளர், ஒக்கி சமயத்தில் நோட்டு எழுதிய அதே அக்கா. வாடகைக்கு இருப்பவருக்கும் பேச இடம் கொடுங்கள். சந்தா வீட்டுக்காரரிடமா, குடியிருப்பவரிடமா என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்குத் தனி விதி வேண்டும். பாதிச் சந்தா என்று வைக்கலாம். ஆனால் காம்பவுண்டுக்குள் நிற்கிற தென்னை மின்கம்பியில் சாய்ந்தால் மட்டை வெட்ட ஆள் வைக்க, உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் எண்ணை அந்த வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும் என்று சேருங்கள். ஓடையைத் தூர்வாரும் வேலையை மே மாதக் கடைசிக்குள்ளும் செப்டம்பர் முடிவதற்குள்ளும் இரண்டு தடவை என்று விதியாகவே எழுதிவிடுங்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை நமக்கு வந்தே தீரும்.

அப்புறம், பொதுப் பொருள்களுக்கு ஒரு பதிவேடு. மோட்டார் எண், வாங்கிய தேதி, ரசீது, மின் இணைப்பு யார் பெயரில், குழி யாருடைய சென்டில் இருக்கிறது, அந்த இடத்துக்கு அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறதா. இதற்கு ஒரு பக்கம் போதும். எங்கள் மோட்டார் சாவி இப்போது தெருமுனையில் சங்கத்துக்கென்று எழுதி வாங்கிய கால் சென்டில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு மூன்று சாவி, மூன்று வீட்டில்.